ஞாயிற்றுக்கிழமை மேளம்

கொத்மலை
15.4.1956

அன்புள்ள அக்காளுக்கு,

தம்பி மாயாண்டி எழுதுவது. நானும் உன் மகள் லெட்சுமியும் சுகம். நீயும் மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். யானைச் சின்னம் விழுந்துவிட்டது. சுதந்திரம் வந்த நாள் முதல் அசையாமல் நின்ற கட்சி, நம்முடைய ஓட்டைப் பறித்து நம்மை நாடற்றவர்களாக ஆக்கிய கட்சி, இந்தத் தேர்தலில் மண்ணைக் கவ்விவிட்டது. உனக்கு இன்னும் சேதி வந்திருக்காது. வந்திருந்தாலும் கணக்கப்பிள்ளை அதை மென்று விழுங்கியிருப்பார்.

கடைவீதி இன்னும் திருவிழாக் கோலத்தில்தான் இருக்கிறது. வெற்றியும் வருடப் பிறப்பும் ஒன்றாக வந்ததில் நம் சிங்கள முதலாளி முதியான்சேவுக்குத் தலைகால் புரியவில்லை. தேநீர்க் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கெவும் பலகாரமும் தேநீரும் சும்மா கொடுத்தார். அவர் கடை விறாந்தையில் தையல் மெஷின் போட்டிருக்கிற நான் சும்மா இருக்க முடியுமா? கொடி முழுவதும் என் கைவேலை. அவர் ஊர்வலத்தில் உடுத்திப்போன வெள்ளைச் சட்டையும் நான் தைத்ததுதான். ஓட்டில்லாதவன் தைத்த கொடி இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பறக்கிறது அக்கா. நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

லெட்சுமி படிப்பில் கெட்டி. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு கதவைச் சாத்திவிட்டதால் நீ அவளை என்னிடம் அனுப்பினாய். அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வராது. இரவில் முதலாளி வீட்டில் அவருடைய மனைவி மெனிக்கேயோடுதான் படுக்கிறாள். அந்த அம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லாத குறையை இவள் தீர்த்துவைக்கிறாள்.

ஸ்ட்ரைக் செய்ததற்காக எனக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையை விட்டுத் துரத்தி, தோட்டத்து எல்லைக்குள் கால் வைத்தால் பொலிசில் பிடித்துக் கொடுப்பேன் என்றாரே உங்கள் துரை, அவர் முகம் இப்போது எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

உன் தம்பி
மாயாண்டி


ஊசிமலைத் தோட்டம், மேற்பிரிவு
வட்டகொடை
22.4.1956

தம்பி மாயாண்டிக்கு,

அக்காள் அம்மாக்கண்ணு எழுதிக்கொண்டது. துரை முகத்தைப் பார்க்கிற பாக்கியம் எனக்கு ஏது? பிள்ளைக்காம்பராவில் நாள் முழுக்கக் குழந்தைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பவள் நான். கணக்கப்பிள்ளை மட்டும் ஆபிஸ் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தை விடியுமுன்னே கிழித்தெடுத்துவிட்டார் என்று கேள்வி. துரை வெள்ளைக்காரர். அவருக்குக் கப்பல் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது என்று நீ யோசித்தாயா?

உனக்குத் தேர்தல் என்றால் தேர் இழுக்கிற மாதிரி. யார் பின்னால் இழுக்கிறோம் என்று பார்க்க மாட்டாய். நம் ஓட்டைப் பறித்தவன் போனான், சரி. வந்திருக்கிறவர்கள் என்ன சொல்லி ஓட்டு வாங்கினார்கள்? நாடு முழுக்கச் சிங்களம் ஒன்றே என்றுதானே? அதைக் கேட்டுக்கொண்டேதானே கொடி தைத்தாய்?

கீழ்ச் சிங்களக் கிராமத்திலிருந்து கித்துள் கருப்பட்டி கொண்டுவருகிற கிழவரை உனக்கு நினைவிருக்கும். வருடப் பிறப்பு முடிந்து முதல் ஆளாக வருவார். கடனுக்கும் கொடுப்பார், பிள்ளைகளுக்குச் சும்மாவும் கொடுப்பார். இந்த முறை வரவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் லயத்து வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் பாதையையே பார்க்கிறார்கள். ஒருத்தர் வராததற்கு இவ்வளவு பயப்பட முடியும் என்று எனக்கு இத்தனை வயதில் இப்போதுதான் தெரிகிறது.

லெட்சுமியை அனுப்பிவிடு. படித்தது போதும்.

அம்மாக்கண்ணு


கொத்மலை
6.5.1956

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இத்தனை நாள் கோபத்தில் பேசாமல் இருந்தேன். லெட்சுமியை அனுப்பினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? முதல் வாரம் உன்னோடு பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டுவாள். அடுத்த மாதம் கங்காணி வந்து பிள்ளை வளர்ந்துவிட்டாளே என்பார். அதோடு கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிவிடுவார்கள். நம் அம்மா அந்தக் கூடையோடு செத்தாள். நீ எப்படியோ தப்பித்துப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாய். இவள் அதற்கும் மேலே போகட்டும் என்றுதானே இந்தப் பாடு?

சிங்களம் ஒன்றே என்றது மேடைப் பேச்சு. மேடையில் ஏறியவன் சொன்னதையெல்லாம் செய்ய ஆரம்பித்தால் இந்த நாட்டில் தேனும் பாலும் ஓட வேண்டும். முதியான்சே முதலாளியிடமே கேட்டேன். தமிழருக்கு ஒன்றும் வராது, இங்கிலீஷ் பேசுகிற பெரிய மனிதர்களுக்குத்தான் இனிக் கஷ்டகாலம் என்றார். நல்ல மனிதர் அவர். உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசத் தெரியாது.

நீ பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை. பயத்தை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுக்காதே என்றுதான் சொல்கிறேன். அனுப்ப மாட்டேன்.

மாயாண்டி


ஊசிமலைத் தோட்டம்
10.6.1956

தம்பிக்கு,

மேடைப் பேச்சு சட்டமாக வருகிறதாமே. கொழும்பில் கடற்கரையில் உட்கார்ந்திருந்த தமிழர்களை அடித்து மண்டையை உடைத்தார்கள் என்று ஸ்டேஷன் பக்கம் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். தமிழர் கடைகளுக்கு நடந்ததை வாயால் சொல்ல முடியவில்லை. அதில் பாதி பொய்யாகவே இருக்கட்டும். மீதிப் பாதி போதுமே.

லயத்தில் தினமும் காவல். சங்கத் தலைவர் அழகுமுத்து ஏற்பாடு செய்திருக்கிறார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிட அடிக்கிற தப்பு மேளம்தான் இப்போது காவல் மேளம். வேலை நாளில் விடிந்ததும் ஒரு தரம் அடித்தால் அது பெரட்டு. மற்ற நேரத்தில் கேட்டால் கிராமத்திலிருந்து ஆட்கள் ஏறி வருகிறார்கள் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை பெரட்டே கிடையாது, அதனால் அன்றைக்கு மேளம் கேட்டால் யாரும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஆண்கள் தடியோடு மலைக்கு ஓட வேண்டும். நான் லயத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்குள் போய்ப் பதுங்க வேண்டும்.

உன் மச்சானைத்தான் எனக்குப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கோழி அறுக்கக்கூட வேறு ஆளைக் கூப்பிடுகிற மனிதர், சவுக்கு மரத்தில் ஒரு தடி வெட்டிச் சீவிச் சீவி வைத்திருக்கிறார். "புள்ள அங்க இருக்கா, நான் இங்க குந்திக்கிட்டு இருக்கேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். கீழே வந்து கூட்டிவரத் துடிக்கிறார். தனியாகப் போனால் திரும்பி வர மாட்டாய் என்று லயத்தில் யாரும் விடவில்லை.

மாயாண்டி, நான் உன்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். யாரையாவது பிடித்து என் பிள்ளையை உடனே அனுப்பு.

அக்காள்
அம்மாக்கண்ணு


கொத்மலை
14.6.1956, வியாழன்

அக்காளுக்கு,

அனுப்புகிறேன். நேற்று என் பெயர்ப் பலகையில் தார் பூசிவிட்டார்கள். தமிழில் எழுதிய பகுதியில் மட்டும். பூசியவர்களில் ஒருத்தன் என்னிடம் கால்சட்டை தைத்துப்போனவன். என்னைப் பார்த்துச் சிரித்தான் அக்கா. கோபமாக முறைத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முதலாளிக்கு வெட்கம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. இளவட்டங்கள் இப்போது அவர் பேச்சையும் முன்போல் கேட்பதில்லை. லெட்சுமியைத் தானே கூட்டிவந்து விடுகிறேன் என்கிறார். நான் எல்லைக்குள் வந்தால் துரை பொலிசைக் கூப்பிடுவார், பஸ்ஸை வழியில் நிறுத்திப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. ஆகவே குறுக்குப் பாதைதான்.

வருகிற ஞாயிறு காலையில் கிளம்புவார்கள். பள்ளிக்கூடமும் இல்லை, மலையில் கங்காணிமாரும் இருக்க மாட்டார்கள். முதலாளி ஊர்வலத்துக்கு உடுத்திய அந்த வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வருவார். அதைப் பார்த்தால் கிராமத்துப் பக்கம் எவனும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டான். லெட்சுமி அவர் பின்னாலேயே வருவாள். மெனிக்கே அவளுக்கு மழைக்குச் சாக்கு மடித்துக் கொடுத்திருக்கிறாள்.

இது கிடைத்ததும் முதல் வேலையாகத் தலைவரிடமும் மேளக்காரரிடமும் சொல். மச்சானைத் தோட்டத்துக் கல் எல்லையில் வந்து நிற்கச் சொல். உன் பதிலுக்குக் காத்திருக்க இது நேரம் இல்லை.

மாயாண்டி


ஊசிமலைத் தோட்டம்
18.6.1956, திங்கள்

மாயாண்டி,

உன் கடிதம் இன்று மத்தியானம் கிடைத்தது. தபால் பை தூக்குகிற ஆள் வெள்ளியும் சனியும் ஸ்டேஷனுக்குப் போகப் பயந்துகொண்டு வீட்டில் இருந்துவிட்டான். அவனை என்ன சொல்லித் திட்ட? நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

நேற்றுக் காலையில் நான் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கை நீட்டினால் கை தெரியாத பனி. மேளம் கேட்டது. ஈரத் துணியைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, கைக்குக் கிடைத்த பிள்ளைகளையெல்லாம் வாரிக்கொண்டு தேயிலைக்குள் புகுந்தேன். ராசம்மாவின் கைக்குழந்தை அழுதுவிடப் போகிறதே என்று அதன் வாயைப் பொத்தினேன். பிறகு கையை எடுத்தபோது அது என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. மேலே ஆண்கள் கத்துவது கேட்டது. பிறகு திடீரென்று ஒன்றுமே கேட்கவில்லை.

உன் மச்சான் வந்து வாசல் சாக்கடைக் கான் ஓரத்தில் உட்கார்ந்தார். கையில் தடி இல்லை. நான் எவ்வளவோ கேட்டபிறகு சொன்னார்.

"பனிக்குள்ள வெள்ள வெள்ளையா தெரிஞ்சிச்சு. சிங்களத்துல ஏதோ சத்தம் போட்டுக் கூப்புட்டாரு. வந்துட்டாங்கன்னு நெனச்சேன். நான்தான் முன்னால ஓடுனேன், நான்தான் அடிச்சேன். ரெண்டாவது அடிக்கு ஓங்குனப்ப பின்னால இருந்து அப்பா, அடிக்காதீங்கப்பான்னு ஒரு சத்தம்."

லெட்சுமி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முதலாளிக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். வெள்ளைச் சட்டைதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. வேலை நாளாக இருந்தால் மலை முழுக்கப் பெண்கள் இருந்திருப்பார்கள், ஒருத்தியாவது அவளை அடையாளம் கண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்தார்கள்.

கீழே கிடந்தவரைத் தூக்க உன் மச்சான் குனிந்தாராம். "தொடாதீங்க" என்றாளாம் என் மகள். அவரைத் தானே தாங்கி எழுப்பி, கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே இறக்கிக் கொண்டுபோய்விட்டாளாம். அப்பா கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லையாம்.

முதலாளி உயிரோடு இருக்கிறாரா? யாரிடம் என்ன சொன்னார்? முதலாளியை லயத்துக்காரன் அடித்தான் என்று கடைவீதியில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், இங்கே ஒரு காம்பரா மிஞ்சாது. நேற்று முழுக்க யாரும் உலை வைக்கவில்லை. புகையைப் பார்த்து வருவார்கள் என்று ஒரு முட்டாள் சொன்னான், எல்லோரும் நம்பினோம். இதை லொறிக்கார நல்லமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே பதில் கொடு.

என் பிள்ளை சாப்பிட்டாளா?

அம்மாக்கண்ணு


கொத்மலை
20.6.1956

அக்காளுக்கு,

உயிரோடு இருக்கிறார். தோள் எலும்பு உடைந்திருக்கிறது. எலும்பு முறிவு பார்க்கிற சிங்கள வைத்தியர் வந்து எண்ணெய்க் கட்டுப் போட்டார். காய்ச்சல் விட்டுவிட்டது. லெட்சுமி சாப்பிடுகிறாள். அதை முதலில் எழுத வேண்டும் என்றுதான் எழுதினேன், மற்றதை எழுதக் கை வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவளும் அவரும் கடைவீதிக்குள் வந்தபோது நான் மெஷினில் இருந்தேன். அந்தச் சட்டையின் தோள்பட்டை கிழிந்து ரத்தமாக இருந்தது. பத்து நிமிஷத்தில் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. தார் பூசியவன்தான் முன்னால் நின்றான். தோட்டத்துக்காரன்கள்தானே அடித்தார்கள், சொல்லுங்கள், இப்போதே ஏறுகிறோம் என்றான். சிலர் கையில் கத்தி இருந்தது. அக்கா, நான் மெஷின் பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கூட்டம் கலையும்வரை எழுந்திருக்கவே இல்லை.

ஆற்றுக் கடவையில் பாசிக் கல்லில் வழுக்கி விழுந்தேன் என்றார் முதலாளி. அவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இந்த வயதில் கண் தெரியாமல் விழுந்ததையும் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா என்று சத்தம் போட்டு, எல்லோருக்கும் தேநீர் ஊற்றச் சொன்னார். பொலிஸ் ராலஹாமி வந்து கேட்டபோதும் அதே கல், அதே பாசி. லெட்சுமியையும் கேட்டார்கள். அவளும் ஆமாம், வழுக்கிவிட்டார் என்றாள். கண் சிமிட்டாமல் சொன்னாள்.

லெட்சுமி அப்பா என்று கத்தியதிலேயே யார் அடித்தது என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. சிங்களத்தில் அப்பச்சி என்பார்கள், நம் அப்பாவும் அதுவும் பக்கத்தில்தானே. இரவு நான் காலைப் பிடித்து அழுதபோது, தடி பிடித்த கை நடுங்கியதைப் பார்த்தேன், நானும் நடுங்கிக்கொண்டுதான் ஏறினேன் என்று மட்டும் சொன்னார்.

மெனிக்கேவுக்கும் தெரியும். அன்று முதல் லெட்சுமியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் காலையில் தலை வாரிவிடுவதை நிறுத்தவில்லை. வாரிக்கொண்டே அழுகிறாள். இவளும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

லயத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் வழுக்கி விழுந்தார். நம் ஆட்களும் அதைத்தான் நம்ப வேண்டும்.

மாயாண்டி


ஊசிமலைத் தோட்டம்
24.6.1956

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சொன்னபோது லயத்தில் பெண்கள் அழுதார்கள். அழுதுவிட்டு எழுந்துபோய் அடுப்பு மூட்டினார்கள். நாலு நாளைக்குப் பிறகு சோறு வெந்த வாசனை வந்தது.

உன் மச்சானுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கீழே போய் அவர் காலில் விழுந்தால்தான் தூக்கம் வரும் என்கிறார். தலைவர் அழகுமுத்து வந்து வெகுநேரம் பேசிப் பார்த்தார். நீ காலில் விழுவதைப் பார்க்கிறவன் ஏன் விழுகிறாய் என்று கேட்க மாட்டானா, உன் ஒருத்தன் தூக்கத்துக்கு எங்கள் எல்லோரையும் எரிக்கப் போகிறாயா என்றார். அவர் சொல்வதும் சரிதான். மன்னிப்புக் கேட்பதற்கும் பயப்பட வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆனால் இவர் இப்படியே கிடந்தால் செத்துப்போவார். ஆகவே எனக்கு ஒரு யோசனை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பெரிய ரோட்டு வழியாகவே வருகிறோம். நான் உன்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள். அவர் எனக்குத் துணை. முதலாளி கடையில் ஒரு தேநீர் வாங்கிக் குடிப்பார். வேறு ஒன்றும் பேச மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

லெட்சுமியை இனிமேல் வா என்று கூப்பிடப் போவதில்லை. அவள் அங்கேயே படிக்கட்டும். ஆனால் நாங்கள் வருவதை அவளிடம் கேட்டுவிட்டு எழுது. சிங்களக் கிராமத்துக்குப் பயந்தேன், துரைக்குப் பயந்தேன், சட்டத்துக்குப் பயந்தேன். இப்போது நான் பெற்ற பிள்ளை எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. மற்றதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அக்காள்


கொத்மலை
27.6.1956

அன்புள்ள அக்காளுக்கு,

லெட்சுமியிடம் கேட்டேன். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "அம்மா மட்டும் வந்தா போதாது மாமா. அப்பாவும் வரணும். வந்து மொதலாளி கையால தேத்தண்ணி வாங்கிக் குடிக்கணும். நான் பாக்கணும்" என்றாள்.

உள்ளே படுத்திருந்த முதலாளிக்கு அது கேட்டுவிட்டது. என்னைக் கூப்பிட்டு என்ன பேச்சு என்றார். மறைக்க முடியாமல் எல்லாம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். வேண்டாம், இப்போது வேண்டவே வேண்டாம் என்றார். அவருக்குக் கோபம் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கடையில் எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள். என் தோளில் கட்டு இருக்கிறது. அந்த மனிதன் உள்ளே வந்து இந்தக் கட்டைப் பார்த்தால் அவன் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதற்குப் பிறகு நான் எத்தனை கல்லில் வழுக்கி விழுந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டு அவிழட்டும், நான் இந்தக் கையால் தேநீர் ஆற்றுகிற நாள் வரட்டும், அன்றைக்கு வரச் சொல் என்றார்.

ஆகவே இந்த ஞாயிறு வர வேண்டாம் அக்கா. மச்சானை எப்படியாவது வீட்டில் பிடித்து வை.

உன் தம்பி
மாயாண்டி